முதலில் மடி, அப்புறம் புத்தகம்

பிள்ளையை எப்படி வாசிக்க வைப்பது? இந்த வாரம் பிரித்த கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு ஊர்களிலிருந்து இதையேதான் கேட்கின்றன. ஆகவே அரசியலுக்கும் சினிமாவுக்கும் இந்த வாரம் ஓய்வு.

கே: குழந்தைக்கு மூன்று மாதம். ஆசையாகப் படப் புத்தகம் வாங்கி வந்தேன். "இன்னும் குப்புறவே விழவில்லை, அதற்குள் படிப்பா?" என்கிறார் மாமியார். அவசரப்படுகிறேனா?
— ஓர் இளம் தாய், ஈரோடு

ப: படிப்புக்கு அவசரம்தான். கதை கேட்பதற்கு இல்லை. குழந்தைக்கு அர்த்தம் புரியும் என்று நினைத்தா தாலாட்டுப் பாடுகிறோம்? கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாய்விட்டு வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று அழுத்தமான நிறங்களும் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படமும் இருந்தால் போதும். புத்தகம் முதலில் வாய்க்குத்தான் போகும். துணிப் புத்தகமோ கெட்டி அட்டைப் புத்தகமோ வாங்குங்கள். ஒரு நாள் மாமியார் மடியில் குழந்தையையும் கையில் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு நீங்கள் குளிக்கப் போங்கள். திரும்பி வரும்போது அவர் யானைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கே: மூன்று வயது மகள் தினமும் ஒரே முயல் கதையைத்தான் கேட்கிறாள். வேறு புத்தகத்தை எடுத்தால் அழுகை. புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளாமல் போய்விடுவாளோ?
— ஒரு தந்தை, பாளையங்கோட்டை

ப: அந்த முயலை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரண்டு பிரிவினர் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள்.

காரணம் எளிது. முதல் தடவை கேட்கும்போது முயலுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையிலேயே மனம் நிற்கிறது. முடிவு தெரிந்த பிறகுதான் படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் தவளை கண்ணில் படும், புதுச் சொல் காதில் தங்கும். இனி வாசிக்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். மகள் முடிப்பாள். வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றுங்கள். உங்களைத் திருத்துவாள். அலுப்பது நமக்குத்தான், அவளுக்கு இல்லை.

கே: இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறேன். கதை சொல்ல நேரம் எங்கே?
— திருப்பூர்

ப: பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

கே: நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். மகன் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் கதை வாசித்துக் காட்டச் சொல்கிறார் டீச்சர். எனக்கே எழுத்துக்கூட்டத்தான் வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி இதை எழுதுகிறேன்.
— ஓர் அம்மா, சாத்தூர்

ப: இந்த வாரத்தின் முக்கியமான கடிதம் உங்களுடையதுதான், அம்மா. எழுத்து மட்டும்தான் உங்களிடம் குறைகிறது. கதை இருக்கிறது, குரல் இருக்கிறது, கேட்க ஆசையோடு ஒரு பிள்ளை இருக்கிறான். உங்கள் பக்கத்து இடைசெவல் கிராமத்துக்காரர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். பள்ளியில் அதிகம் படிக்காதவர். கரிசல் காட்டு ஆண்களும் பெண்களும் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அதற்காகவே புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. அந்தக் கதைகளைச் சொன்னவர்களில் பலர் உங்களைப் போல எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர்கள். உங்கள் அம்மாவும் பாட்டியும் சொன்ன கதை எத்தனை ஞாபகம் இருக்கிறதோ, அத்தனையும் உங்கள் மகனுக்கு உரிய சொத்து.

இனி புத்தகத்துக்கு வருவோம். படம் நிறைய உள்ளதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். "இது யாரு? எங்கே ஓடுது? அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவன் சொல்லட்டும். அவன் இரண்டு வார்த்தையில் சொன்னால் நீங்கள் அதை நான்கு வார்த்தையாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவிடும் பழக்கத்தைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னே போயிருந்தது. வழக்கம்போல வாசித்துக்கொண்டு போன பெற்றோரைவிடக் கேட்டுப் பேசிய பெற்றோரின் பிள்ளைகள் அதிகம் பெற்றார்கள். உங்களால் முடியாதது இதில் ஒன்றும் இல்லை.

மகனை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துக்குக் கீழே விரல் வைத்து வாசிக்கட்டும். உங்கள் கண்ணும் கூடவே போகட்டும். தப்பாக வாசித்தால் கண்டுபிடிக்க முடியாதே என்று தயங்க வேண்டாம். திருத்த டீச்சர் இருக்கிறார். ஆசையாகக் கேட்க ஆள் வேண்டுமே, அது நீங்கள்தான். அவன் ஒரு பக்கம் வாசித்தால் நீங்கள் ஒரு கதை சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று இருக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். 'நுழை' புத்தகத்தில் பக்கத்துக்குச் சில சொற்கள்தான். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிடும்படி டீச்சரிடம் கேளுங்கள். எனக்கு எழுதிய இதே விஷயத்தை அவரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து 'நட'வுக்குப் போய்விடுவீர்கள் என்று நம்புகிறேன்.

கே: ஒரு கதைப் புத்தகம் முடித்தால் 20 ரூபாய் என்று பேரனோடு ஒப்பந்தம். வாரத்துக்கு மூன்று முடிக்கிறான். நல்ல யோசனைதானே?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

ப: மூன்றும் மெல்லிசான புத்தகங்கள்தானே, தாத்தா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனை 1973-இல் வெளியானது. படம் வரைவதென்றால் உயிரை விடும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் மட்டும் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு" என்று முன்பே சொன்னார்கள். பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசு இல்லாமல் பேனாவை வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்தச் சேதாரம் நேரவில்லை.

எனவே ஒப்பந்தத்தை மெதுவாகக் கலைத்துவிடுங்கள். அதே பணத்தைச் சேர்த்து மாதம் ஒரு நாள் புத்தகக் கடைக்குக் கூட்டிப் போங்கள், அவனே தேர்ந்தெடுக்கட்டும். முடித்த கதையைத் திண்ணையில் உட்கார்ந்து உங்களிடம் அளக்கட்டும். தாத்தா காதுகொடுத்துக் கேட்பது 20 ரூபாயைவிடப் பெரிய பரிசு.

கே: கதை முடிந்ததும் "இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?" என்று கேட்பது என் வழக்கம். நீதி மனதில் பதிய வேண்டாமா?
— ஓர் ஆசிரியை, விழுப்புரம்

ப: தியேட்டர் வாசலில் ஒருவர் நின்று படம் பார்த்து வரும் ஒவ்வொருவரிடமும் இப்படிக் கேட்டால் அடுத்த காட்சிக்கு யார் வருவார்கள்? "உனக்கு யாரைப் பிடித்தது? நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். அம்புலிமாமாவில் நம் தலைமுறையைக் கட்டிப்போட்ட வேதாளம் ஒரு நாளும் நீதி சொன்னதில்லை. விக்கிரமாதித்தனிடம் கேள்விதான் கேட்டது. பதில் சொல்லத் துடித்துத்தான் நாம் அடுத்த மாத இதழுக்குக் காத்திருந்தோம்.

கே: கதைப் புத்தகத்தில் "சிங்கம் பெருமகிழ்ச்சி அடைந்தது" என்று இருக்கிறது. அப்படியே வாசித்தால் நான்கு வயது மகன் விழிக்கிறான். "சிங்கத்துக்கு ஒரே குஷி" என்றால் குதிக்கிறான். இப்படி மாற்றிச் சொல்லலாமா? தமிழ் கெட்டுப் போகாதா?
— ஒரு தாய், ஆவடி

ப: தாராளமாக மாற்றுங்கள். அதோடு நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகத்தின் சொல்லுக்கே திரும்பியும் வாருங்கள்.

நாம் அதிகம் யோசிக்காத விஷயம் இது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, அச்சில் வரும் தமிழ் வேறு. 'போயிட்டான்' என்று நாள் முழுக்கக் கேட்ட பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் 'சென்றுவிட்டான்' என்பதைச் சந்திக்கிறான். எழுத்தும் புதிது, அந்த எழுத்து சொல்லும் பேச்சும் புதிது. இரண்டு சுமையும் ஒரே நாளில் தலையில் ஏறுகின்றன. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் அவன் காதுக்கு அந்நியமாகவே இருந்தால் வாசித்ததில் அவனுக்கு என்ன ஆனந்தம் கிடைக்கும்? "தமிழ் கஷ்டம்" என்று பிள்ளைகள் ஒதுங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அந்தச் சுமைகளில் ஒன்றைப் பள்ளிக்குப் போகும் முன்பே இறக்கி வைக்க வாசித்துக் காட்டுவதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை முழுக்க உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். கதை பிடித்துப்போய் மறுபடி கேட்கும்போது, "சிங்கம் பெருமகிழ்ச்சி அடைந்தது, ஒரே குஷி அதுக்கு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் சில தடவை போனபின் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மா, நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன்" என்பான். தமிழ் கெடாது, இரட்டிப்பாகும்.

பாட்டு இன்னும் சுலபமான பாலம். புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பாவைக் குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடு கொண்டாடியது சும்மா இல்லை. அவருடைய பாட்டு எழுத்துத் தமிழில்தான் இருக்கும். ஆனால் குழந்தை வாயில் வழுக்கிக்கொண்டு வரும். 'மலரும் உள்ளம்' தொகுப்பை வாங்கி வையுங்கள். எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: நான்கு வயதுக்கு எழுதும்போது 'பெருமகிழ்ச்சி', 'அகமகிழ்ந்து', 'வினவியது' எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டாதீர்கள். எழுதியதை ஒரு குழந்தையிடம் உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கே: இரண்டு வயது மகன் புத்தகத்தைக் கிழிக்கிறான், கிறுக்குகிறான். எட்டாத உயரத்தில் வைத்துவிட்டேன்.
— நாமக்கல்

ப: இறக்கி வையுங்கள். கிழிந்ததை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப் போட்டு ஒட்டுங்கள். எட்டாத புத்தகம் எப்படிப் பிடிக்கும்?

கே: மகன் காமிக்ஸ் மட்டும்தான் தொடுகிறான். அதெல்லாம் ஒரு வாசிப்பா?
— சேலம்

ப: வாசிப்பேதான். சிவகாசியில் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. அட்டைக்குள் ஒளித்து அதைப் படித்த பிள்ளைகள் இன்று தாத்தாவாகும் வயதில் தடித்த நாவல்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைக் காமிக்ஸ் சொல்லாது. வாசிக்கிறவன்தான் ஊகிக்க வேண்டும். முகத்தில் கோபமா பயமா என்று படித்தறிய வேண்டும். அவன் முடித்ததும் நீங்களும் ஒன்றை வாங்கிப் படியுங்கள். இருவருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

கே: ஒன்பது வயதுப் பையன். கிரிக்கெட் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. வகுப்பில் வாசிப்பில் கடைசி.
— ஒரு தந்தை, மதுரை

ப: அவன் எதில் முதல் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்! அமெரிக்காவில் 1988-இல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தெரிந்த விஷயம் வாசிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது.

நாளை முதல் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் முதலில் அவன் கைக்குப் போகட்டும். ஸ்கோர் அட்டை, வீரர்களின் வாழ்க்கைக் கதை, விதிமுறைப் புத்தகம் எதுவானாலும் சரி. "நேற்றைய மேட்சில் என்ன ஆச்சு, வாசித்துச் சொல்லேன், நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று கேளுங்கள். மதுரையில்தான் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அங்கே சிறுவர் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய், எதையும் பரிந்துரைக்காமல், அவனைச் சுற்றவிட்டு நீங்கள் ஓர் ஓரத்தில் உங்கள் புத்தகத்தோடு உட்காருங்கள்.

கே: மகளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. இன்னும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறாள். மேல் வரியில் சரியாகச் சொன்ன சொல்லைக் கீழ் வரியில் மறந்துவிடுகிறாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து அடித்தும் விட்டேன்.
— ஒரு தாய், ஓசூர்

ப: அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோம்பேறித்தனம் என்ற சொல்லையும்.

முதலில் தமிழ் எழுத்து குழந்தையிடம் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம்: 247. 'கொ' என்பதில் உயிரின் ஒலி மெய்க்குப் பின்னால் வருகிறது. ஆனால் அதன் குறியில் பாதி மெய்க்கு முன்னால் நிற்கிறது. 'க' ஒன்றே 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்க'த்தில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. இத்தனையும் கைவர இரண்டு மூன்று வருடம் ஆவது சாதாரணம். சில பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆனாலும் நீங்கள் எழுதியதில் ஒன்று என்னை யோசிக்க வைக்கிறது: மேல் வரியில் தெரிந்த சொல் கீழ் வரியில் தெரியாமல் போவது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்து, பேச்சில் கெட்டிக்காரியாகவும் இருந்து, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் ஒரு குழந்தை நல மருத்துவரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ காட்டுங்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தனிப் பயிற்சி முறைகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

இதற்கெல்லாம் நடுவில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் அவளுக்கு நீங்கள் கதை வாசியுங்கள். எழுத்துப் பயிற்சி பகலில், கதை இரவில்; இரண்டையும் கலக்காதீர்கள். அவள் வயதுக் குழந்தைகள் அறிந்த கதைகளும் சொற்களும் அவளுக்கும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து வரும் நாள்வரை கதையைக் காக்க வைத்தால், எழுத்து வரும்போது ஆசை போயிருக்கும். நேற்று அடித்த கையால் இன்று பக்கத்தைப் புரட்டுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள்.

கே: எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டுவிடுகிறாள். முடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடலாமா?
— காரைக்குடி

ப: பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் தானியேல் பென்னாக் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1992-இல் அவர் வாசகனின் உரிமைகள் என்று பத்துப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போவது, முடிக்காமல் விடுவது இரண்டும் அதில் உண்டு. நம் அலமாரியிலும் பாதியில் நிற்கும் புத்தகங்கள் எத்தனை! விட்டுவிடுங்கள். அடுத்ததை எடுக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கே: போனைப் பிடுங்கினால் வீடே ரெண்டாகிறது. நான்கு வயது. என்ன செய்ய?
— கோவை

ப: இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் நாளைக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரே நாளில் பிடுங்காதீர்கள். சோறு ஊட்டும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் மட்டும் முதலில் மீட்டெடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் போன் இருந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், வெறும் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. போன்தான் கையில் இருக்கும் என்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அதை மடியில் வைத்துச் சேர்ந்து வாசியுங்கள்.

கே: எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர் நூல்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால் "கிழித்துவிடுவார்கள்" என்கிறார்கள்.
— தஞ்சை மாவட்டத்து வாசகர்

ப: உங்கள் பக்கத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர்தான் இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுவதற்கு உரியவை என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணில் பூட்டிய பீரோவா!

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நீங்கள் ஏற்கெனவே கட்டுகிறீர்கள். ஆகவே தயங்காமல் கேட்கலாம், சண்டை போடாமலும் கேட்கலாம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், தரையில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பலாமா என்று நூலகரிடம் கேளுங்கள். பல ஊர்களில் ஒற்றை ஆளாகத் திண்டாடும் நூலகர்களுக்கு ஒரு துணை கிடைத்தால் சந்தோஷம்தான். மறுத்தால் வாசகர் வட்டத்திடமும், அதன் பிறகு மாவட்ட நூலக அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

கே: அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், சுட்டி விகடன்... எல்லாம் போய்விட்டனவே. இன்றைய பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிதம்பரம்

ப: 1947 ஜூலையில் தொடங்கி அறுபது வருடத்துக்கு மேல் வந்த அம்புலிமாமா நின்றது எனக்கும் வீட்டில் ஒருவரை இழந்த துக்கம்தான், ஐயா. ஆனால் கை வெறுமையாக இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் கொண்டுவந்தது.

புத்தகங்களோ நம் காலத்தைவிட அதிகம். சின்னஞ்சிறுசுகளுக்குச் சென்னையின் தூலிகா போடும் படப் புத்தகங்கள். குறைந்த விலைக்கு நேஷனல் புக் டிரஸ்ட். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குப் பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்', வானம் பதிப்பகம். எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்ற நூல்களைத் தேடித் தாருங்கள். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகளின் உடல் பாதுகாப்பை அஞ்சாமல் பேசுகிறது; ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்கே கூட்டிப் போகிறது. யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' 2024-இலும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-இலும் அந்த விருதைப் பெற்றவை. பெற்றோரும் ஆசிரியரும் படிக்க வேண்டியது ஜப்பானிய 'டோட்டோ-சான்'. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய இன்னொரு பள்ளியில் மலர்ந்த உண்மைக் கதை.

உங்களிடம் பழைய அம்புலிமாமா பைண்டிங் இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேதாளத்தை மரத்திலிருந்து இறக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கே: டொராண்டோவில் பிறந்த பேத்திக்கு நான் கதைப்பது விளங்கும். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் "ஹோம்வொர்க்" என்று ஓடுகிறாள். ஆங்கிலப் புத்தகம் என்றால் விழுங்குகிறாள்.
— ஓர் அம்மம்மா, ஸ்கார்பரோ

ப: ஆங்கிலத்தில் விழுங்குகிறாள் என்றால் வாசிப்பு ஆசை ஏற்கெனவே வந்துவிட்டது, அம்மம்மா. பாதி வேலை முடிந்தது. அதோடு போட்டி போடாதீர்கள். அவள் ஆங்கிலத்தில் ரசித்த கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒன்று வாசியுங்கள். அவள் வாசிக்க வேண்டாம், கேட்டால் போதும். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் உண்டு, இருமொழிப் புத்தகங்களாகப் பாருங்கள். இன்னொன்று: அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் தினம் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டே தமிழ்ச் சொல் எழுதி வையுங்கள். அம்மம்மா எழுதியது என்ன என்று தெரிந்துகொள்ளவாவது எழுத்துக் கற்பாள்.

கே: நான் மூணாவது படிக்கிறேன். கதைல முக்கியமான இடம் வரும்போதுதான் அம்மா லைட்டை அணைச்சிடுறாங்க. நான் என்ன பண்றது?
— ஒரு குட்டி வாசகி, நாகர்கோவில்

ப: ரெண்டு வழி இருக்கு, கண்ணு. ஒண்ணு, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிச்சுட்டு அரை மணி நேரம் முன்னாடியே புத்தகத்தோட படுக்கைக்குப் போயிடு. இன்னொண்ணு, அந்த முக்கியமான இடத்தை அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. அடுத்து என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரிஞ்சாகணும். லைட் அணையாது. அது என்ன புத்தகம்னு சொல்லவே இல்லையே? அடுத்த கடிதத்துல எழுது, நானும் வாங்கிப் படிக்கிறேன்.